கந்தகம் பூசிய கொலுசு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருடம் யோசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்ற கூச்சம் பாதி, மானம் போகுமே என்ற பயம் மீதி. ஆனால் செவ்வாய்தோறும் அம்மன் முன்னால் விளக்கேற்றும்போது மனசு உறுத்துகிறது. எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். அவருடைய அக்காள், என் மதினி, குமுளியில் வாழ்க்கைப்பட்டவர். அங்கே மழையும் மூடுபனியும் ஓயாது. வெள்ளி ஒரே மாதத்தில் மங்கிவிடும். அதனால் மகளுக்கு வாங்கிய கொலுசை ஆனி மாதம் என் கையில் கொண்டுவந்து வைத்தார்.

"இங்கன வெயிலடிக்குது செல்வி. ஆவணியில பரிசம். அன்னைக்கு எம்மக காலுல இது மின்னணும். ஒன்னைய நம்பித்தான் வைக்கிறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. (மதினி அதுவரை என் குழம்பைக்கூட நம்பியதில்லை.)

அந்த வருடம் ஆடிச் சாரல் மலையைத் தாண்டி எங்கள் ஊரிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. பீரோவெல்லாம் ஈர வாடை. கொலுசில் லேசான மஞ்சள். நன்றாகத் துடைத்து, காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அன்றைக்கென்று எனக்கு மூளை வேலை செய்தது. ஈரக் காலத்தில் திராட்சைக்குச் சாம்பல் நோய் வராமலிருக்க வீட்டுக்காரர் கந்தகப் பொடி அடிப்பார். திராட்சையையே காக்கிற பொடி வெள்ளியைக் காக்காதா? கை கையாக அள்ளி, குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல் கொலுசுக்குப் பூசி, டப்பாவில் மூடி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். மிச்சப் பொறுப்பு அம்மனுடையது.

பரிசத்துக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை காலையில் மதினி வந்தார். டப்பாவைத் திறந்தேன். கொலுசு கரிச்சட்டி நிறத்தில் கிடந்தது. முத்தெல்லாம் மிளகாகியிருந்தன.

மதினி ஒன்றை விரல் நுனியில் தூக்கினார். "இது யாரு கொலுசுத்தா?"

"ஒங்களதுதான் மதினி. திராட்சைக்கு அவுக அடிக்கிறாகளே, அதைக் கொஞ்சம் போட்டு வச்சேன்."

"நான் எம்மகளுக்குல்ல வாங்குனேன். எருமைக்கு வாங்குன மாதிரி இருக்கு."

வீட்டுக்காரர் வந்து டப்பாவை மோந்து பார்த்தார். "ஏண்டி, கொடிய வெட்டிக் கவாத்துப் பண்ணிட்டு மருந்தடிச்சியா, பண்ணாம அடிச்சியா?"

நான் சாமி படத்தைப் பார்த்தேன். தாயே, இது வெளுத்தால் உனக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறேன்.

மதினி முந்தானையை இழுத்துச் செருகினார். "அலுமினியச் சட்டி எடு. உப்பு, சோடா உப்பு எடு." இரண்டையும் சட்டியில் போட்டு, கொலுசை அடியில் படும்படி வைத்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். அழுகிய முட்டை வாடை தெருக்கோடி வரைக்கும் போனது. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "ஏத்தா செல்வி, வெரத நாளும் அதுவுமா முட்டையா அவிக்கிற?"

மூன்று தடவை தண்ணீர் மாற்றியபின் கொலுசு வெளுத்தது. எனக்கு உயிர் வந்தது.

"இம்புட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எங்கிட்ட எதுக்கு மதினி குடுத்தீக?"

"மாசாமாசம் இந்த நாத்தத்த எவ மோந்துக்கிட்டு இருக்கிறதுன்னுதான்."

மறுநாள் பரிசத்தில் பெண் காலில் கொலுசு மின்னியது. அம்மனுக்குக் கண்மலரும் சாத்திவிட்டேன். அதைத் துடைக்க மட்டும் பூசாரி என்னை விடுவதில்லை, மதினி சொல்லிவைத்திருக்கிறார்.

மதினி வாயில் அந்தக் கொலுசு வருடா வருடம் வளர்கிறது. போன கல்யாண வீட்டில் அது ஒட்டியாணமாகிவிட்டது. கந்தகமும் மூட்டைக் கணக்குக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுதினேன். படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கொலுசு ஒரே ஜோடி. கந்தகம் இரண்டே கை.

(அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று.)