மீசையை விடுத்துத் தினையைக் குற்றம் சாட்டிய கதை

எங்கள் புதூர்நாட்டு மலையில் பட்டா முதல் தடுப்பூசி அட்டை வரை எந்தக் காகிதம் வந்தாலும் அதை வாசித்து விளக்கும் பொறுப்பு என்னுடையது. (எவரும் ஒப்படைக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.) அந்தக் கர்வமே என் மகனின் திருமணத்தைக் குலைக்கப் பார்த்தது.

முகத்தில் ஓயாத நமைச்சல். திருப்பத்தூரில் ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். 'முடிவை மருத்துவரிடம் காட்டவும்' என்று அடியில் அச்சிட்டிருந்தார்கள். அது படிக்காதவர்களுக்கான அறிவுரை என்று கருதி, நானே சிவப்பு மையுடன் அமர்ந்தேன். பூஜ்யத்திற்கு மேல் எண் பெற்ற பொருள்கள் அனைத்தையும் நஞ்சென்று அடிக்கோடிட்டேன். தினை, கேழ்வரகு, புளி, பலா. மலையில் எஞ்சியது தண்ணீர் மட்டுமே.

மறுவாரம் என் மகன் முருகனுக்குப் பெண் கேட்கச் சென்றோம். பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம். நனைக்காவிட்டால் பெண் வேண்டாம் என்று பொருள். தினைச்சோறும் புளிக்குழம்பும் பரிமாறினார்கள். நான் இலையை மெல்லத் தள்ளினேன்.

பெண்ணின் தந்தை முகம் சிவந்தார். "இன்னாங்க, எங்க வூட்டுச் சோறு வெசமா?"

"என் இரத்தமே அவ்வாறு கூறுகிறது" என்று அறிக்கையை எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்கினேன்.

"யோவ், வாய மூடிக்கினு துன்னுய்யா!" என்றாள் என் மனைவி. முருகன் தலையைப் பிடித்துக்கொண்டான். பெண் வீட்டார் எழுந்துவிட்டனர்.

அப்போது மணப்பெண் செல்வி வந்து அந்தக் காகிதத்தை வாங்கினாள். அவள் செவிலியர் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"மாமா, இதெல்லாம் துன்னா நமைச்சல் வருதா?"

"அறுபது ஆண்டுகளாக உண்கிறேன். வந்ததில்லை."

"அப்ப ஒண்ணுமில்ல. இந்த நம்பர் ஒங்க ரத்தத்துக்கு அந்தப் பொருள் பழக்கம்னு மட்டுந்தான் சொல்லுது. துன்னு ஒடம்புக்கு எதனா ஆனாத்தான் அலர்ஜி." சற்றே குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "மீசைக்கு இன்னா பூசுறீங்க?"

என் கை தானாகவே மீசையை மறைத்தது.

"சாயம்" என்றேன்.

"எப்போலேர்ந்து?"

"நமைச்சல் வந்த வாரத்துலேர்ந்து" என்றாள் என் மனைவி, எனக்கு முந்திக்கொண்டு. "பொண்ணு பாக்கப் போறது பையன், சாயம் அடிச்சிக்கினது இவரு."

"அப்ப நமைச்சல் சாயத்தாலதான். அது இந்த ரத்த டெஸ்டுல தெரியாதுங்க மாமா" என்றாள் செல்வி. சிரித்த முதல் ஆள் பெண்ணின் தந்தை. நான் இரண்டு முறை சோறு வாங்கி உண்டேன்.

இன்று செல்வி என் மருமகள். என் மீசை வெள்ளை. ஆயினும் சம்பந்தி வீட்டில் எந்த விசேஷமானாலும், எனக்கு இலை போடுமுன் அவர் கையை நீட்டுகிறார்: "மொதல்ல காயிதத்தக் காட்டுங்க சம்பந்தி, அப்பறம் சோறு."