மலைக்கு அந்தப் பக்கம் போகும் பஸ்

"ஏறுறதுக்கு ஆளே இல்ல, எம்லின் மாமா. புது பஸ் திட்டத்துல அடுத்த மாசம் இந்த மலை ரூட்டைத் தூக்கிடுவாங்க போல," என்றாள் ஓட்டுநர் கேரிஸ். "கருத்து கேட்டு காயிதம் வந்திருக்குமே, எழுதிப் போடுங்க."

"கவர்மென்ட்டு கருத்து கேட்டா, முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம்."

எம்லினுக்கு இந்த பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மோர்வித் இருந்தாள். மலை மட்டும் இல்லாவிட்டால் கூப்பிடு தூரம். செவ்வாய்தோறும் அவள் கையால் தேநீர். "கட்டிக்கலாமா?" என்று கேட்க மூன்று வருஷமாக வாய் வரவில்லை. போனில் கேட்கிற விஷயமா அது? சுற்றிப் போனால் மூன்று பஸ். அவர் முழங்காலுக்கு அது காசி யாத்திரை.

வேல்ஸ் நாட்டில் அரசாங்கம் ஒன்றுக்குத்தான் பயப்படும்: முன்பு ஒருமுறை சரிந்து பள்ளிக்கூடத்தையே புதைத்த நிலக்கரிக் கழிவு மேட்டுக்கு. பழைய சுரங்கக்காரருக்கு அது தெரியாதா? போனை எடுத்தார்.

"தலைக்கு மேல கரிக் கழிவு மேடு நகருது. ஆள் அனுப்புங்க!"

தினம் நாலு அதிகாரி வந்து போனால் பஸ்ஸில் தலை கூடும் என்பது கணக்கு.

வந்தார்கள், சொந்தக் காரில். மேட்டில் கருவிகளை நட்டார்கள். மலைச் சாலையில் 'கனரக வாகனங்களுக்குத் தடை' என்று பலகை வைத்தார்கள். அடுத்த மாதம் நிற்கவேண்டிய பஸ் அன்றே நின்றது.

எம்லின் மறுபடி போன் செய்தார். "மேடு நகரல. பொய் சொன்னேன்."

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவோம்னு பயப்படுறீங்களா அய்யா? கவலைப்படாதீங்க."

மறுநாள் நடந்துகூடப் போக முடியாதபடி சாலைக்குக் குறுக்கே இரும்பு வேலி.

வேலியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார் எம்லின். இந்த நேரத்துக்கு அவள் கெட்டிலை ஏற்றியிருப்பாள். அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்த இளம் பொறியாளர் வேலிப் பூட்டை இழுத்துச் சரிபார்த்தான்.

"என் ஒருத்தன் பேச்சை நம்பி ரோட்டையே மூடுவியாடா?"

"உங்க பேச்சை மட்டும் நம்பியிருக்க மாட்டோம் அய்யா. அதே நாள் அந்தப் பக்கத்துலேர்ந்து மோர்வித்னு ஒரு அம்மாவும் மேடு நகருதுன்னு போன் பண்ணாங்க. இப்ப என்னடான்னா, 'பொய் சொல்லிட்டேன், வேலியை எடுங்க, செவ்வாய்க்கிழமை ஆள் வரணும்'னு ஒரே அழுகை!"