அனுமதியின்றித் திறந்த மூடி

கற்பிட்டி மீனவர் சங்கத்தின் டீசல் தாங்கிக்கு எட்டு அங்குல அகலத்தில், ஆவி தள்ளினால் தானே எழும்பும் மூடியோடு, ஓர் அவசரத் துவாரம் வேண்டுமென்று பொறியியலாளர் ஃபாஹிமா முறைப்படி விண்ணப்பித்தாள். வெளியே தீப்பிடித்தால் டீசல் கொதித்து ஆவியாகும். அந்த ஆவிக்கு வழியில்லாவிட்டால் தாங்கி வெடிக்கும். தாங்கியின் பரப்பை அளந்து கணக்கும் காட்டியிருந்தாள்.

புத்தளம் அலுவலகத்தில் பணிப்பாளர் சாஹுல் ஹமீது விண்ணப்பத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இரண்டு அங்குலக் குழாய் ஒண்டு ஈக்கிதானே, மிஸ்?"

"அது தாங்கி தினமும் மூச்சுவிட, சேர். இது தீப்பிடிச்சா."

"தீ எப்ப பிடிக்கும்? படிவத்துல நாலாம் பந்தியில திகதி போடணுமே."

"அவசரத்துக்கு எப்பிடி சேர் திகதி போடுற?"

"திகதி இல்லாட்டி அதப் பரிசீலிக்க என்ன அவசரம்?" என்றார் பரிவோடு.

ஃபாஹிமா வாயில் வந்த திகதியைப் போட்டாள். ஃபைல் நகர்ந்தது.

அடுத்து அழகுபடுத்தல் குழு கூடியது. வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும் அந்தத் துவாரக் குழாய் உல்லாசப் பயணிகளின் மனதைப் புண்படுத்தும் எனக் கண்டு, அதை மூன்று இடத்தில் வளைத்து வேலிக்குப் பின்னால் இறக்கும்படி விதந்துரைத்தது. வளைவு ஒவ்வொன்றும் ஆவியை மறிக்கும்; அப்படியென்றால் பன்னிரண்டு அங்குலம் வேண்டும் என்றாள் ஃபாஹிமா.

"நாங்க திருத்தத் திருத்த நீங்க பெருப்பிச்சிக்கிட்டே போறீங்க," என்று பணிப்பாளர் மனம் வருந்தினார்.

கடைசியில் நேரான எட்டு அங்குலத்துக்கே அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. மூடிக்குப் பூட்டுப் போடவேண்டும். சாவி புத்தளம் அலுவலகத்தில் இருக்கும். அவசரத்துக்கு மூன்று வேலைநாள் முன்னதாக அதை எழுத்தில் கோரவேண்டும்.

பூட்டிவிட்டு அதிகாரிகள் போனதும் ஃபாஹிமா பூட்டின் வளையத்தை இரும்பறுக்கும் வாளால் அறுத்து, பார்வைக்கு மட்டும் மூடியில் வைத்தாள். வேலை போனால் போகட்டும் என்று தாங்கியிலிருந்து இறங்கினாள்.

மூன்றாம் வாரம், நட்டநடுப் பகலில், வேலியோரம் யாரோ சருகுக்கு வைத்த தீ காற்றில் பாய்ந்து தாங்கியைச் சூழ்ந்தது. மூடி தானாக எழும்பியது. ஆவி பேரிரைச்சலோடு மேலே போனது. தாங்கி தப்பியது, சுற்றியிருந்த, மீனவர்கள் கருவாடு போடும் வாடிக் குடிசைகளும் தப்பின.

மறுவாரம், மூடி அனுமதியின்றித் திறந்தமைக்கு விளக்கம் கேட்டு ஃபாஹிமாவுக்குக் கடிதம் வந்தது. அதை அவள் எதிர்பார்த்தாள். கூடவே இணைத்திருந்த முறைப்பாட்டைத்தான் எதிர்பார்க்கவில்லை: கருவாட்டில் டீசல் மணக்கிறதாம், கடும் நடவடிக்கை வேண்டுமாம். நாற்பது மீனவர்கள் ஒப்பமிட்டிருந்தார்கள். முதல் ஒப்பம் சங்கத் தலைவர் றஸீனுடையது.

அவள் நேரே அவரிடம் போனாள்.

"றஸீன் நானா, மூடி திறக்காட்டி உங்கட வாடியே இப்ப ஈக்காதே?"

"ஓம் தங்கச்சி, அல்லாஹ்தான் காப்பாத்தினான்," என்றார் றஸீன். "ஆனா எரிஞ்ச வாடிக்கெண்டா நிவாரணப் படிவம் ஈக்கி. மணக்கிற கருவாட்டுக்கு ஒரு படிவமும் இல்லையே!"