கிடங்கில் டவர் கிடையாது

இந்த வீட்டில் எந்தக் கம்பெனி சிம் போடுவது என்பதை இனிமேல் நான்தான் முடிவு செய்வேன். இப்படி ஒரு தீர்மானத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டே, குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து எடுத்தேன். வாய் நிறைய நுரை. வெளியே கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் என் மனைவி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாத நேரங்களில்தான் எனக்குப் பயம் அதிகம்.

காரணம் சிக்கனம் என்று வீட்டில் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன், காரணம் தூக்கம்.

நான் ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடையில் கிடங்குப் பொறுப்பாளர். மேலே மூன்று மாடி கடை. பூமிக்கு அடியில் கிடங்கு. கிடங்குக்குள் நான். கட்டில், பீரோ, மேசை, நாற்காலி, மெத்தை எல்லாம் என் பொறுப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்கு, கடைசி வரிசையில் அடுக்கி வைத்த மெத்தைகளின் மேல் ஏறி, அரை மணி நேரம் கண்ணை மூடுவேன். பதினேழு வருடப் பழக்கம். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்றுவரை கிழித்ததில்லை, அவ்வளவு நாணயஸ்தன். இருபத்துநாலு மணி நேரத்தில் எனக்கென்று இருப்பது அந்த அரை மணிதான். மிச்சமெல்லாம் முதலாளிக்கும் மனைவிக்கும் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று.

அந்த அரை மணியிலும் வந்து கை வைத்தாள் என் மனைவி.

அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். பல் பிடுங்க நாள் குறித்துவிட்டு, அன்றைக்குப் பார்த்துத் தலைமறைவாகிறவர்களைத் தேடிப் பிடித்து நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைப்பது அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. டாக்டர் இரண்டரைக்குச் சாப்பிடப் போவார். உடனே இவளுக்கு ஓய்வு. இவளுக்கு ஓய்வென்றால் எனக்கு ஃபோன். துணி காயப் போட்டீர்களா, மொட்டை மாடிக் கதவைச் சாத்தினீர்களா, அந்த நீலப் பை எங்கே. நீலப் பை எங்கே என்று எனக்கு எப்படி ஐயா தெரியும்? தெரியாது என்றால் உங்களுக்கு என்னதான் தெரியும் என்பாள். தெரியும் என்றால் அதை ஏன் தொட்டீர்கள் என்பாள். ஒரே ஒரு நாள் ஃபோனை அணைத்து வைத்துப் பார்த்தேன். ஏன் அணைத்தீர்கள் என்ற விசாரணை அன்று சாயந்திரம் தொடங்கி, அந்த வாரம் முழுக்க நடந்தது.

ஆகவே ஃபோன் அணைந்திருக்கக் கூடாது. மணியும் அடிக்கக் கூடாது. பழி என் மேல் வராமல் கம்பெனி மேல் போக வேண்டும். இப்படி யோசித்துக்கொண்டே போனதில்தான் அந்த அபாரமான யோசனை பிறந்தது. ஊரில் எல்லோரும் டவர் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். நான் ஏன் கிடைக்காத கம்பெனியாகத் தேடக் கூடாது?

தெருமுனை ரீசார்ஜ் கடைக்குப் போனேன். மலிவுக் கம்பெனிகள் மொத்தம் மூன்று என்றார் கடைக்காரர். குருவி, மின்மினி, தோழன். எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக மின்மினி. அவர் குருவியைப் பற்றி உயர்வாகப் பேச ஆரம்பித்தார்.

"குருவிய எடுங்க சார். எங்க போனாலும் டவர் கிடைக்கும்."

"எங்க போனா கிடைக்காது?"

"அப்படி எல்லாம் கிடையாது சார், எல்லா இடத்துலயும்..."

"பூமிக்கு அடியில எது சுத்தமா வராது? அதச் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த சிம்மைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல எதாவது பிரச்சனையா சார்?" என்றார். சிக்கனம் என்றேன். சிக்கனத்துக்கும் பூமிக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. எப்படியோ குருவியில் ஒன்று, தோழனில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் ஆராய்ச்சி. மின்மினி, குருவி, தோழன் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைந்தேன். சமையலறையில் ஸ்டூல் மேல் ஏறினேன். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பல்லிதானே, துடைப்பம் வேண்டுமா என்று கேட்டார். கிடைத்த முடிவுகளை ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சமையலறையில் எத்தனை கோடு, பஸ் ஸ்டாப்பில் எத்தனை கோடு, கிடங்கில் எத்தனை கோடு என்று ஒரு குறை இல்லாத அறிக்கை. பக்கத்தில் எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலும் ஒட்டியிருந்தது. அதுவும் என் கையெழுத்துதான்.

கிடங்கில் குருவிக்கு மூன்று கோடு. பாழாய்ப்போன மின்மினிக்கு இரண்டு. தோழனைப் போட்டேன். ஒரு கோடுகூட வரவில்லை. வடக்கு மூலைக்குப் போனேன், தெற்கு மூலைக்குப் போனேன், பீரோவுக்குள்கூடத் தலையை விட்டுப் பார்த்தேன். 'சேவை இல்லை.' எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல இரண்டு வார்த்தைகளை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வீட்டுக்கு ஓடி வந்து, தாளில் தோழனுக்கு நேரே, கிடங்கு என்ற கட்டத்தில், கூசாமல் 4 என்று எழுதினேன். அதே சந்தோஷத்தில் அந்த 4-ஐச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டு முடிவை அறிவித்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளின் முன்னால் நின்றாள்.

"கிடங்குல நாலு கோடா?"

"நாலு."

"பூமிக்கு அடியிலயா?"

"அடியிலதான். தோழன்னா சும்மாவா?"

"காசு?"

"மூணுலயும் இதுதான் கம்மி."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பக்கத்திலிருந்த மளிகைப் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சரிங்க. நீங்க பாத்து எடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இந்த வாக்கியத்தை நான் முதல்முறையாகக் கேட்கிறேன். புத்தியுள்ளவன் அப்போதே தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மின்மினியிடமே சரணடைந்திருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். தன்னுடைய நம்பர் மட்டும் மின்மினியிலேயே இருக்கட்டும், இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றாள். பெருந்தன்மையோடு அனுமதித்தேன்.

என் நம்பரைத் தோழனுக்கு மாற்றினேன். ஆஹா, அந்த மூன்று நாள். திங்கள், செவ்வாய், புதன். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். புதன்கிழமை கனவுகூட வந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், மத்தியானம் கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்கிறாள் என்பாள் மனைவி. உடனே நான் தோழன் கம்பெனியைப் பிடி பிடியென்று பிடிப்பேன். நாலு கோடு காட்டி ஏமாற்றிவிட்டான், இவன் உருப்படுவானா, விளங்குவானா என்று தொண்டை கட்டத் திட்டுவேன். போகட்டும் விடுங்கள் என்று அவள்தான் என்னைச் சமாதானப்படுத்துவாள். தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வியாழக்கிழமை இரண்டே முக்கால். மெத்தை மேல் நல்ல தூக்கம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாடிக்கு எது வேண்டுமானாலும் பில் போடும் இடத்திலிருக்கும் அம்மாள் மைக்கில் சொல்லுவார். 'இரண்டாம் மாடிக்கு ஒரு பீரோ' என்றால் மூன்று மாடிக்கும் கிடங்குக்கும் சேர்த்து ஒலிபெருக்கியில் கேட்கும். நாங்கள் அவரை மைக்கம்மா என்போம். யார் என்ன சொன்னாலும் ஓர் எழுத்து மாறாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், இரண்டு முறை சொல்லுவார். சொல்லுவது என்ன என்று யோசிக்க மாட்டார். அதற்காகத்தான் அவரை வைத்திருக்கிறார்கள்.

"கிடங்குப் பொறுப்பாளர் கவனத்திற்கு. உங்கள் மனைவி தொலைபேசியில் இருக்கிறார். துணி காயப் போட்டீர்களா என்று கேட்கிறார். மெத்தையை விட்டு இறங்கி வந்து பதில் சொல்லவும். மீண்டும் சொல்கிறேன்."

மீண்டும் சொன்னார்.

நான் இறங்கவில்லை, விழுந்தேன். கிடங்குப் படியில் நாலு நாலாகத் தாவி மேலே ஓடினால், கடை முழுக்க வாடிக்கையாளர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மெத்தை வாங்க வந்த ஒரு பெரியவர், தான் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த மெத்தையைக் காட்டி, "நீங்க படுக்கறது இந்த ரகமா தம்பி?" என்று அக்கறையாக விசாரித்தார். பில் போடும் இடத்தில் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியே நின்றார்.

"கீழ மெத்தை எல்லாம் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குங்க."

"இருக்கும் இருக்கும். பதினேழு வருஷமா சோதிச்சுப் பாக்கறீங்களாமே. இந்தாங்க, அம்மா லைன்ல இருக்காங்க."

துணி காயப் போட்டுவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். போடவில்லை என்பது வேறு விஷயம்.

அன்று சாயந்திரம் கோபத்தில் கொதித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். பதினேழு வருட மானத்தை மூன்று மாடிக்கும் ஏலம் போட்டுவிட்டாயே என்றேன். கடை நம்பர் யார் கொடுத்தது என்று கேட்டேன். அதைக் கடைப் பையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே என்றாள். பிறகு என்னை ஃப்ரிட்ஜ் முன்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"இந்த மளிகைப் பட்டியல்ல அரிசி தீர்ந்தா என்ன போடுவீங்க?"

"வட்டம்."

"சோப்பு தீர்ந்தா?"

"வட்டம்தான். கிடங்குல எது காலியானாலும் பட்டியல்ல அதுமேல வட்டம் போட்டுடுவேன். கைப் பழக்கம். அதுக்கென்ன இப்ப?"

அவள் தோழனின் கட்டத்தைக் காட்டினாள். 4. அதைச் சுற்றி, என் கையால், பதினேழு வருடப் பழக்கத்தில், அழகான ஒரு வட்டம்.

அவசரமாக அந்த வட்டத்தைக் கையால் மறைத்தேன். மெத்தை விஷயம் எப்படித் தெரியும் என்று மெதுவாகக் கேட்டேன். இரண்டரைக்கு நான் ஃபோனை எடுக்கும்போதெல்லாம் என் குரலுக்கு முன்னால் பிளாஸ்டிக் உறை சரசரவென்று கேட்கும் என்றாள். எத்தனை வருடமாக என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாளே ரீசார்ஜ் கடைக்கு ஓடினேன். மின்மினிக்கே திரும்பிப் போகிறேன், உடனே மாற்றிக் கொடுங்கள் என்றேன். மாறினவர் தொண்ணூறு நாள் அங்கேயேதான் இருந்தாக வேண்டும், அதற்கு முன்னால் யார் நினைத்தாலும் முடியாது என்றார் அவர். நான் எவ்வளவோ கெஞ்சினேன். அப்போதே கேட்டேனே சார், வீட்டில் பிரச்சனையா என்று, நீங்கள்தான் சொல்லவில்லை என்று அவர் வருத்தப்பட்டார்.

தொண்ணூறு நாள். ஞாயிறு தவிர ஒரு நாள் தப்பவில்லை. இரண்டரை அடித்தால் மைக்கம்மா. நீலப் பை காணாமல் போனதும் ஊருக்குத் தெரியும், கிடைத்ததும் தெரியும். என் உள்பனியன் அளவு மாறினதும் தெரியும். சில வாடிக்கையாளர்கள் வேளை பார்த்து வந்து நிற்க ஆரம்பித்தார்கள். மெத்தைப் பக்கம் நான் போய்ப் பல நாள் ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண்ணை அகலத் திறந்துகொண்டு, ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றோராவது நாள் காலையில் முதல் ஆளாகப் போய் மின்மினிக்கு மனுப் போட்டேன். மாறி வந்த அன்று கிடங்கில் பார்த்தேன். இரண்டு கோடு, கல்லுமாதிரி நின்றது. சாயந்திரம் ஃபோனை மனைவி முன்னால் மேசையில் வைத்து, தோற்றுப்போனேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

"இனிமே எத்தனை தடவை வேணாலும் இதுலயே கூப்பிடு. முதல் மணியிலயே எடுக்கறேன். தூங்கவே மாட்டேன், போதுமா? அந்த மைக்க மட்டும் விட்டுடு."

அவள் என்னைப் பார்த்தாள். நிஜமாகவே அவள் முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"எனக்கும் பாவமாத்தாங்க இருக்கு. ஆனா முடியாது" என்றாள். "தினமும் ரெண்டரைக்குத் தவறாம கடை நம்பருக்கே கூப்பிடுங்கம்மான்னு சொல்லி, மூணு மாசமா என் ஃபோனுக்கு ரீசார்ஜ் பண்றதே உங்க முதலாளிதான்."