யோகேந்திரனுக்குத் தொற்றியது

"சார்... திராட்சை கீழ விழுது சார்."

யோகேந்திரன் கண் விழித்தார். நின்றபடியே தூங்கியிருந்தார். திராட்சைக் குலைபோல அவர் பலகையில் வரையத் தொடங்கிய கிருமிகள், பேனா வழுக்கியதில் கொடியாக நீண்டு, பலகையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே குனோங் ஜெராய் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறாமையாக இருந்தது.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் தாதியர் கல்லூரியில், மருத்துவச்சிப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்களுக்கு நுண்ணுயிரியலும் நோயியலும் சொல்லித்தருவது அவர் வேலை. வகுப்பில் ஒரு கொட்டாவிகூட விடாத மனிதர் என்று பெயர் வாங்கியவர்.

"கொஞ்ச நாளாவே நீங்க இப்படித்தான் இருக்கீங்க சார்," என்றாள் முன்வரிசையில் இருந்த ஃபெலிசியா. புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "காலையில டாய்லெட்ல வாந்தி எடுக்குற சத்தம்கூடக் கேட்டுச்சு."

"சத்தம் போடாதம்மா. லேப்ல இருந்து ஏதோ தொத்திக்கிச்சு எனக்கு."

"அப்ப டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம் லா. எங்களுக்கும் பிராக்டிகல் ஆச்சு."

அதிகம் பேசாத சுபாஷினி, பஞ்சுக்குச்சியால் அவர் தொண்டையைத் தடவி எடுத்தாள். மறுநாள், கிருமி வளர்க்கும், ரத்தம் கலந்த சிவப்பு அகார் தட்டை யோகேந்திரன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாம்பல் நிறப் புள்ளிகள், அந்தி நேரத்தில் கோலா மூடா கடலில் தெரியும் படகுகளைப்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதந்தன. எல்லார் தொண்டையிலும் குடியிருக்கும் சாதுக்கள்தான்.

"நார்மல் சார்," என்றாள் ஃபெலிசியா.

"நார்மல்னா இன்னும் ஆபத்து. இது தட்டுல வளராத கிருமி."

அன்று மாலை காரை ஓட்டிக்கொண்டு போகும்போது, அந்தக் கிருமிக்குத் தன் பெயரையே வைப்பார்கள் என்று தோன்றியது. எங்கோ ஒரு மேடை. யாரோ கை தட்டுகிறார்கள். கனவு கலைந்தபோது வீட்டுத் திருப்பம் எப்போதோ போய்விட்டிருந்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஓர் ஊறுகாய்க் கடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் பாதி காலியான மாங்காய் ஊறுகாய்ப் பொட்டலம். எப்போது வாங்கினோம் என்பதே ஞாபகமில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியைத் தடுத்தார்.

"லோகேஸ், என் பக்கத்துல வராத. நான் ஹால்லயே படுத்துக்கிறேன்."

"எனக்கு என்ன ஆவுது? நல்லாத்தானே இருக்கேன்," என்றாள் லோகேஸ்வரி. டவுனில் தையல் கடை வைத்திருப்பவள். "நீங்க சாப்பாட்ட ஒதுக்குறீங்க, நான்தான் உங்க பங்கையும் சேத்துச் சாப்புடுறேன்."

"அதான் எனக்குப் புரியல. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. உன்ன மட்டும் விட்டுட்டு என்னப் புடிச்சிருக்கு."

அவள் முகம் வேறு பளபளவென்று இருந்தது. நோயாளிக்கு எதிரே ஒருவர் இவ்வளவு ஆரோக்கியமாக உட்கார்ந்து சாப்பிடுவது நியாயமே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டை மருந்து ஊற்றிக் கழுவினார். அந்த வாடைக்கே குமட்டிக்கொண்டு வந்தது. வாடைக்குப் பயந்து இரண்டு முகக்கவசம் போட்டார். மூச்சு முட்டித் தூக்கம் இன்னும் அதிகமானது. தூக்கத்தை விரட்டக் கோப்பி குடித்தார். அது வந்த வழியே திரும்பியது.

மறுநாள் மழை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு, பயிற்சி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். தகரக் கூரையில் மழை ஒரே சுருதியில் பெய்துகொண்டிருந்தது. மேசைமேல் பிரசவப் பயிற்சிக்கான ரப்பர் பொம்மைக் குழந்தை, துணியில்லாமல் கிடந்தது. குளிருமே என்று தோன்றியது. எடுத்துத் துண்டில் சுற்றினார்.

"யோகேந்திரன்!"

கல்லூரி முதல்வர் பிரேமாவதி மேடத்தின் குரல்.

யோகேந்திரன் கண்ணைத் திறக்காமலே, மார்பில் கிடந்ததைத் தட்டிக்கொடுத்தபடி முணுமுணுத்தார். "மெதுவாப் பேசுங்க மேடம். இப்பத்தான் தூங்குச்சு."

பிறகு கண்ணைத் திறந்தார். மேடம் பொம்மையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கிருமிக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"என்ன கிருமின்னே தெரியாதா? அப்ப அது தெரியுற வரைக்கும் உங்க வகுப்புப் பிள்ளைங்க யாரும் பிரசவ வார்டுக்குப் போகக் கூடாது. பச்சக் குழந்தைங்க இருக்குற எடம்!"

செய்தி கேட்டு, வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த வகுப்பே திரும்பி வந்து கொதித்தது.

"பிரசவம் பாக்காம நாங்க எப்படி சார் பாஸ் பண்றது?" என்று ஃபெலிசியா எழுந்தே விட்டாள். "உங்க கிருமியக் கண்டுபுடிக்காம இன்னிக்கு யாரும் வீட்டுக்குப் போகல. உக்காருங்க."

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். ஒவ்வொரு நார்மலுக்கும் யோகேந்திரன் இன்னும் கொஞ்சம் வெளுத்தார். கடைசியில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, அவரே கற்றுக்கொடுத்த முறைப்படி விசாரித்தார்கள்.

"எப்ப வாந்தி வருது சார்?"

"காலையில."

"என்ன சாப்பிடத் தோணுது?"

"புளிப்பா."

சுபாஷினி முதல்முறையாக வாய் திறந்தாள். "வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களா சார்?"

"இல்லம்மா." முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். "ஆஸ்பத்திரி, கோயில்னு ரொம்ப அலைஞ்சோம். அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுட்டோம்."

வெளியே மழை இன்னும் விடவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லோகேஸ்வரி வந்தாள். மேடம்தான் போன் செய்து வரச் சொல்லியிருந்தார்.

"என்னங்க ஆச்சு? பொம்மைய வச்சுத் தாலாட்டுறீங்களாமே!" நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்பாடா, படி ஏறுனாலே மூச்சு வாங்குது. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறேன், என் சட்டை எனக்கே பத்த மாட்டேங்குது. இவருக்கு என்னம்மா சீக்கு? பொழச்சுக்குவாரா?"

யோகேந்திரன் கண்களை மூடிக்கொண்டார். எதுவானாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

சுபாஷினி எழுந்துபோய் லோகேஸ்வரியின் அருகில் மண்டியிட்டாள். அவள் கையை மெல்லத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"சாருக்கு ஒண்ணுமில்லக்கா. உங்க மசக்கையத்தான் அவரு பட்டுக்கிட்டு இருக்காரு."