ஓசை வைத்தியரும் ஓடாத எஞ்சினும்

பிள்ளைகளே, எந்த வியாதியும் காது வழியாகத்தான் உள்ளே போகிறது, அதனால் காது வழியாகத்தான் அதை வெளியே இழுக்க வேண்டும் என்று அடித்துச் சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கம்பத்தில் எங்கள் தெருவில் வந்து குடியிருந்தது எங்கள் அதிர்ஷ்டமா, எங்கள் காதுகளின் தலையெழுத்தா என்று இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஓசை வைத்தியர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இளவயதில் மலைமேல் ஏலத்தோட்டத்தில் தகரம் அடித்து யானை விரட்டிக்கொண்டிருந்தவர். "யானை மனசையே மாத்தித் திருப்பி அனுப்பினவன் நானு. மனுசன் மனசு என்ன, சுண்டக்கா" என்பார். தோளில் எப்போதும் ஒரு சாக்கு. அதற்குள் மண்ணெண்ணெய்த் தகரம், சங்கு, மாட்டுச் சலங்கை, கொட்டாங்கச்சி, விளிம்பு உடைந்த வெண்கலத் தட்டு. அதுதான் அவருடைய ஆஸ்பத்திரி.

மளிகைக்கடைக்காரருக்கு ஒருநாள் விக்கல் நிற்கவில்லை. வைத்தியர் பூனைமாதிரி பின்னால் போய்த் தகரத்தை ஓங்கி ஓர் அடி அடித்தார். விக்கல் நின்றது. கடைக்காரர் மட்டும் வெல்ல மூட்டைகளின் உச்சியில் இருந்தார். அவரைச் சமாதானம் சொல்லிக் கீழே இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

காப்பிக் கிளப்காரருக்குத் தூக்கம் வரவில்லை என்றார்கள். ஒரு கிழட்டு எருதின் கழுத்தில் சலங்கையைக் கட்டி அவர் ஜன்னலோரம் அசைபோட விட்டார் வைத்தியர். எருது மெல்ல மெல்ல, சலங்கையும் மெல்லக் குலுங்கியது. மனிதர் அப்படியொரு தூக்கம் தூங்கினார். மறுநாள் மத்தியானம் வரை கிளப் திறக்கவில்லை. காப்பி இல்லாமல் தெரு முழுக்கத் தலைவலி. அதற்கும் வைத்தியம் பார்க்கச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம்.

இப்பேர்ப்பட்டவரை நானே போய்க் கூட்டிவரும்படி ஆயிற்று.

என் மனைவிக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெண் குழந்தை. பெற்ற கையோடு அவளுக்கு முறைக்காய்ச்சல் கண்டது. டாக்டர் கொயினா கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டார். காய்ச்சலை இறக்கியது மருந்துதான், அதில் நீங்கள் யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சல் போனபிறகும் அவள் திரும்பி வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பேச்சில்லை. கஞ்சியை வாயில் ஊற்றினால் பாதி வெளியே வழியும். குழந்தை பக்கத்தில் கிடந்து வீறிடும், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பக்கத்து வீட்டு ராவுத்தர் சம்சாரம், நாங்கள் அக்கா என்போம், கைக்குழந்தைக்காரி. அவர்தான் தன் பிள்ளைக்கு ஒருபுறம், எங்கள் பிள்ளைக்கு ஒருபுறம் என்று பால் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் சொல்லிவிட்டார்.

"ஏலே, இது காத்துக் கருப்பு. கோடாங்கிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம வர்றாக."

கோடாங்கி என்றால் உடுக்கை அடித்துப் பேய் ஓட்டுகிறவர். உடுக்கையோடு போனால் பரவாயில்லை. அவர் கையில் ஒரு சாட்டையும் இருக்கும். முடியைக் கொத்தாகப் பிடித்து ஆட்டி, பேய் பேர் சொல்லும்வரை அடிப்பார். என் மனைவி எழுந்து உட்காரவே இருவர் பிடிக்க வேண்டும்.

"அந்த ஒடம்புல ரத்தமே இல்ல தம்பி. ஒரு அடி தாங்காது" என்றார் அக்கா.

பெரியப்பாவிடம் போய் நின்றேன். "கோடாங்கி வர்றதுக்குள்ள அவ வாயத் தொறந்து பேசுனா வேணாம்னு சொல்லிருவீகளா?"

"பேசட்டும் பாப்போம்."

அவ்வளவுதான். நேரே ஓசை வைத்தியர் வீட்டுக்கு ஓடினேன். எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்காதீர்கள். வேறு வாசல் எதுவும் திறந்திருக்கவில்லை.

வந்தார். முதலில் சலங்கையைக் குலுக்கினார். அவள் அசையவில்லை. மறுநாள் கொட்டாங்கச்சியைத் தட்டினார். அசையவில்லை. அதற்கடுத்த நாள் சங்கை எடுத்து ஊதினார். அடுத்த தெருவில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து அலறின. அவள் கண் இமைக்கவில்லை.

"சாரமில்லா" என்றார் வைத்தியர். மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கோடாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து உடுக்கைக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சாட்டை பாம்புமாதிரி மடியில் கிடந்தது. பெரியப்பா குறுக்கும் நெடுக்கும் நடந்தார். உள்ளே அக்கா எங்கள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என் மனைவி தலைமுடியை இறுக்கி முடிந்து முந்தானையால் மூடிக்கொண்டிருந்தார், யாரும் பிடிக்க முடியாதபடி.

வைத்தியர் என்னை ஒரு மூலைக்கு இழுத்தார். "எப்பா, இவ பொறந்த வீட்டுல என்ன சத்தம் கேக்கும்? கோயில் மணியா? வாய்க்காத் தண்ணியா?"

"அல்லிநகரத்துல பஞ்சு மில்லுக்கு அடுத்த வீடுங்க. இவுக அப்பாதான் அங்கன எஞ்சின் ஓட்டுறாக. ராப்பகலா எஞ்சின் சத்தம். மறுவீட்டுக்குப் போயி ஒரு பொட்டுத் தூங்கல நானு."

அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? சத்தத்துலயே வளந்த புள்ளய இந்த ஊமை வீட்டுல கொண்டாந்து போட்டுட்டு, பேயி புடிச்சிருச்சுங்கிறீக. எஞ்சின் எப்படிச் சத்தம் போடும்?"

"டுப் டுப்புனு... நடுவுல புஸ்ஸுனு..."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் தகரத்தைக் கவிழ்த்தார். உள்ளங்கையால் அடித்தார், வாயால் ஊதினார். டுப், புஸ். டுப், புஸ். எஞ்சின் என்றால் ஓடத்தானே வேண்டும், அறையைச் சுற்றி ஓடவும் ஆரம்பித்தார். வேட்டி அவிழ்ந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தகரத்தை அடித்தார். வாசலில் கோடாங்கியின் உடுக்கையும் எழும்பிவிட்டது. இரண்டு சத்தமும் வீட்டுக்குள் முட்டி மோதின.

"போதும்யா கூத்து" என்று பெரியப்பா உள்ளே வந்தார். பின்னாலேயே கோடாங்கி, கையில் சாட்டை.

நான் குறுக்கே போய் நின்றேன். பெரியப்பா முன்னால் நான் அப்படி நின்றதே கிடையாது. "தள்ளுலே" என்றார். தள்ளவில்லை. வைத்தியர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. டுப், புஸ். டுப், புஸ்.

அப்போது சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. துரு ஏறிய கதவுமாதிரி இருந்தது.

"அப்படியில்ல."

எல்லோரும் நின்றோம். வைத்தியர் ஒருவர்தான் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னது அப்படியில்ல?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இருந்தது.

"மூணு டுப்புக்குத்தான் ஒரு புஸ்ஸு."

"அதத்தான் நானும் அடிக்கிறேன்."

"இல்ல. எங்க அப்பா எஞ்சின் இப்படி நொண்டாது."

"நொண்டுதா? யானையே குத்தம் சொன்னதில்ல என் கையி. எங்க, நீ அடி பாப்போம்."

தகரத்தை நீட்டினார். அவளுக்கு அதைத் தூக்கத் தெம்பில்லை. அக்கா அவளைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, குழந்தையை அவள் மடியில் கவிழ்த்துப் போட்டார். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தச் சின்ன முதுகில் கை வைத்தாள். மெதுவாகத் தட்டினாள். மூன்று தட்டு. நிறுத்தி, உதட்டைக் குவித்து ஒரு புஸ். மறுபடியும் மூன்று தட்டு. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கை மட்டும் தாளம் தப்பவில்லை.

கோடாங்கி சாட்டையைச் சுருட்டினார். "எஞ்சின் பேய்க்கு எங்கிட்ட மந்திரம் கெடையாதுப்பா" என்று பெரியப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெற்றிலை வாங்கிவருவதாகச் சொல்லி வெளியே போனார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அதற்குப் பிறகும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் வைத்தியர் தகரத்தோடு வந்து உட்காருவார். டுப், புஸ் என்று ஆரம்பிப்பார். கொஞ்ச நேரம் பொறுப்பாள். பிறகு, "மாமா, எத்தன தடவ சொல்றது ஒங்களுக்கு" என்று எழுந்து உட்காருவாள். திருத்துவாள். அவர் சண்டை போடுவார். அதற்குள் கஞ்சி ஒரு கிண்ணம் உள்ளே போயிருக்கும்.

வேண்டுமென்றே தப்பாக அடிக்கிறாரோ என்று ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "தப்பா? நானா?" என்று பத்து நாள் என்னோடு பேசவில்லை.

கடைசிவரை அந்த எஞ்சின் அவர் கையில் சரியாக ஓடவே இல்லை. என்றைக்காவது சரியாக அடிக்கக் கற்றுக்கொண்டுவிடுவாரோ என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.