பன்னிரண்டாவது கல்லூரி

அமெரிக்காவில் எந்தக் கல்லூரி எந்தக் கூட்டணியில் சேர்ந்து கூடைப்பந்து ஆடலாம் என்று தீர்மானிக்கும் முழு அதிகாரமும் ஆக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில், ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த விஷயம் அமெரிக்காவுக்கு மட்டும்தான் தெரியாது.

குழாய்களும் சமையலறைத் தொட்டிகளும் வந்திறங்கும் கிடங்கு எங்களுடையது. அவற்றை அந்த வண்டியில் தூக்கி அடுக்குவது அவர் வேலை. எது எந்தக் கடைக்குப் போகவேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், பதினைந்து வருடமாக அந்தக் கிடங்கில் இருந்தவர். எல்லோருக்கும் அவர் 'பன்னிரண்டு அண்ணை'. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நான் திருச்சியிலிருந்து வந்து இறங்கியபோது எனக்குக் கார் இல்லை. நான் குடியேறிய தகனினியில்தான் அவரும் இருந்தார் என்பதால் வேலைக்கு அவர் காரிலேயே போவதென்று ஏற்பாடாகிவிட்டது. முதல் நாள், மோட்டார்வேயில் ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, பதினொரு கல்லூரி இருக்கு. பன்னிரண்டாவதா ஆரைச் சேர்க்கலாம்? யோசிச்சுச் சொல்லும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊருக்கு வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. வேலைக்கான தேர்வுதான் நடக்கிறதோ என்று நினைத்தேன். பிறகு அவரே விளக்கினார். அமெரிக்கக் கல்லூரிகள் பத்துப் பன்னிரண்டாகக் கூட்டணி சேர்ந்து தங்களுக்குள் ஆடுமாம். அவர் மனதைப் பறிகொடுத்த கூட்டணியில் இருப்பது பதினொன்று.

“ஒற்றைப்படை. ஒவ்வொரு சுற்றிலயும் ஒருத்தன் ஆட ஆளில்லாமல் சும்மா இருக்கிறான். உமக்கு அது நீதியாப் படுதோ?”

“அண்ணே, நீங்க அமெரிக்கா போயிருக்கீங்களா?”

“இல்லை.”

“கூடைப்பந்தாவது ஆடியிருக்கீங்களா?”

“முழங்கால் ஏலாது.”

கல்லூரிகளின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஊரையும் மைதானத்தையும் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று அவர் போன் போடுவார்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். குழாய் வந்த பெட்டிகளின் மூடியை வெட்டிச் செய்தது. முதல்முறை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அட்டையில் இருந்தது குடியேற்றத் துறையின் படிவம்! அவர் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் வயதுக்கு இத்தனை புள்ளி, படிப்புக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை என்று போட்டுத்தான் விசா கொடுத்தார்களாம். யாரையும் எங்கேயும் சேர்ப்பதற்கு உலகத்தில் அந்த ஒரு வழிதான் உண்டு என்று மனுஷர் முழுமனதாக நம்பினார்.

“இது நல்ல பழைய கல்லூரி தம்பி. அனுபவத்துக்கு முழுப் புள்ளி. மைதானமும் பெரிசு. ஆனால் பொலிஸ் றிப்போட் சரியில்லை.”

“காலேஜுக்கு ஏதுண்ணே போலீஸ் ரிப்போர்ட்?”

“பயிற்சியாளர் களவா ஆள் சேர்த்துப் பிடிபட்டவர். இனி ஐஞ்சு வருஷத்துக்கு விண்ணப்பிக்க ஏலாது.”

எழுபது புள்ளி வாங்கினால் சேர்க்கலாம் என்பது அவர் சட்டம். மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கல்லூரி அவருடைய செல்லம். அதன் அரங்கம் எங்கள் கிடங்கைவிடச் சின்னது. அதற்கு அறுபத்தெட்டு. தினமும் அந்த அட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் வாயை விட்டேன்.

“ரெண்டு மார்க்தானே அண்ணே, போட்டு விடுங்களேன்.”

மோட்டார்வேயில் காலை எட்டு மணிக்கு பிரேக்கை அழுத்திவிட்டார். பின்னால் வந்த லாரி அலறியது. எனக்கு உயிர் போய் வந்தது.

“பொய்ப் புள்ளி போடச் சொல்லுறீரோ? நீரோ?” என்றார்.

கோயிலில் அன்னதான வரிசையில் ஒருமுறை, அமெரிக்கா போய்த் திரும்பியிருந்த டாக்டர் ஒருவரை மடக்கினார். விமான நிலையத்திலிருந்து அந்தச் சின்னக் கல்லூரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரணை. தான் தங்கை கல்யாணத்துக்குப் போனதாக டாக்டர் சொல்லிப் பார்த்தார். “அப்ப கல்யாண வீட்டில ஒருத்தரிட்டயும் கேக்கேல்லையோ?” என்று இவர் அதிர்ந்துபோய்க் கேட்க, டாக்டர் பாயசம் வாங்காமலே போய்விட்டார்.

இன்னொரு நாள் வேலைக்கு வரவில்லை. மறுநாள் சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றார். எங்கள் மேனேஜரம்மா பதறிப்போய், வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டார். ஒருவரும் சாகவில்லை, மலையடிவாரத்துக் கல்லூரி வேறு கூட்டணிக்குப் போகிறதாகப் பேச்சு அடிபடுகிறது என்று இவர் சொன்னார். அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். துக்க விடுப்பு என்றே எழுதிக்கொண்டார்கள். பேச்சு வதந்தியாய்ப் போனதும்தான் அண்ணை மறுபடி சோறு சாப்பிட்டார்.

இப்படியே நாலு வருடம் ஓடியது. என் வேலை விசா முடிய எட்டு மாதம் இருந்தது. நான் பார்த்த வேலைக்கு நிரந்தர விசா கிடைக்காது. மேற்பார்வையாளர் ஆனால் கிடைக்கும். இல்லையென்றால் மனைவியையும், ஆங்கிலத்தில் மட்டும் பதில் சொல்லும் மகளையும் கூட்டிக்கொண்டு மூட்டை கட்டவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியானது. ஒரே ஓர் இடம். அது அண்ணைக்குத்தான் என்று கிடங்கே முடிவுசெய்திருந்தது.

அவரிடம் சொல்லாமல் நானும் விண்ணப்பித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. தினமும் அவர் காரிலேயே போய், அவருக்குப் போட்டியாக நிற்பது என்ன பிழைப்பு? அந்த வாரம் முழுக்க ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அவர் கல்லூரிக் கதை சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை மேனேஜரம்மா கூப்பிட்டார். மேசையில் ஒரு குழாய்ப்பெட்டி மூடி கிடந்தது. கல்லூரிப் பெயர் எழுதவேண்டிய இடத்தில் என் பெயர் இருந்தது.

ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். சொந்த மைதானம்: தகனினி. அனுபவம்: நாலு வருடம். பொலிஸ் றிப்போட்: சுத்தம். குறைகள்: காலையில் ஐந்து நிமிடம் தாமதம், கூடைப்பந்து அறிவு பூச்சியம்.

அண்ணைக்கு அந்த வேலையைக் கொடுக்கக் கூப்பிட்டார்களாம். அவர் வேண்டாமென்று இந்த அட்டையை நீட்டினாராம். அந்தம்மா எனக்குக் கை கொடுத்தார். நான் அட்டையை எடுத்துக்கொண்டேன்.

ஓடிப்போய் ஃபோர்க்லிஃப்டை மறித்தேன்.

“என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? அது உங்க வேலையில்லையா?”

“மேற்பார்வையாளருக்கு மத்தியானம் ஒரு மணிக்கு மீட்டிங். அமெரிக்காவில மட்ச் துவங்குறதும் அப்பதான். எனக்குச் சரிவராது.”

கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு அட்டையை மறுபடி பார்த்தவனுக்கு அடுத்த அதிர்ச்சி. மொத்தப் புள்ளி அறுபத்திரண்டு!

“என்னண்ணே, அறுபத்திரண்டா? நீங்க வேணாம்னு தள்ளுன காலேஜ்கூட இதைவிட ஜாஸ்தி!”

“பொய் எழுத ஏலாது தம்பி” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

இப்போது அவர் ஆக்லாந்தின் வடக்கே, ஆல்பனியில் மகள் வீட்டுப் பக்கம் போய்விட்டார். அந்தக் கூட்டணியில் இன்னமும் பதினொன்றுதான். எங்கள் நிரந்தர விசா வந்துவிட்டது. அட்டையை கராஜில் மாட்டி வைத்திருக்கிறேன். “என்னங்க, இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டா என்ன?” என்று என் மனைவி கேட்டபோது, கழற்றி அவள் கையில் கொடுத்துக் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அவளே திரும்ப மாட்டினாள்.

'புள்ளி போதாது. ஆனாலும் சேர்க்கவும்' என்று எழுதியிருந்தார். அவருடைய அட்டைகள் அத்தனையும் பார்த்தவன் நான். வேறு எந்தக் கல்லூரிக்கும், அந்த மலையடிவாரத்துச் செல்லத்துக்கும்கூட, அவர் அப்படி எழுதியதில்லை.